ஜப்பான் பாஷையைப் பட்டமாகப் படிக்கலாமா? திருகோணமலையில் இருந்து ஒரு கேள்வி

சாம்பல்தீவுப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை கலைப்பிரிவில் உயர்தரம் எழுதினேன். தமிழ், புவியியல், இந்து நாகரிகம். ரிசல்ட் வந்துவிட்டது, கம்பஸ் கிடைக்கும் என்று ரீச்சர் சொல்கிறா. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒரு கிழமையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். களனியில் நவீன மொழிகள் துறை இருக்கிறது, பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் மொழித்துறை இருக்கிறது. எனக்கு ஜப்பான் பாஷை படிக்க விருப்பம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக போனில் பார்த்துப் பார்த்து ஹிரகானா 46 எழுத்தும் பாடமாக்கிவிட்டேன். போன வருஷக் கலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க என்ட எழுத்துத்தான். அம்மா அதில் ஒரு தாளையும் அடுப்பு மூட்ட எடுக்கவில்லை.

பிரச்சினை வீட்டில். அண்ணா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கொரியச் சோதனைக்குப் படிக்கிறார். "ஆறு மாசம் படிச்சு பாஸ் பண்ணினால் சம்பளம். நீ நாலு வருஷம் ஒரு பாஷையைப் படிச்சுப்போட்டு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்கிறார். அப்பா கடலுக்குப் போய் வந்து வலையைத் தைத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குக் கூடப் பயம்.

நான் கேட்க விரும்புவது: பாஷையைப் பட்டமாகப் படிப்பதும் கோர்ஸ் செய்வதும் ஒன்றா? என்ட சிங்களம் சரியான மோசம், அங்கே போய்த் தாங்குவேனா? படித்து முடித்தவர்கள் யாராவது திருகோணமலையில் இருக்கிறீர்களா?

உப்புவெளி அண்ணை:

தங்கச்சி, நான் ஹோட்டல் வேலையில் 22 வருஷம். பிரெஞ்சு கதைப்பேன், ஜெர்மன் கதைப்பேன், எல்லாம் காதால் பிடித்தது. மீன் என்ன மீன், புறாத்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, கடல் இன்றைக்கு எப்படி, இவ்வளவும் எனக்குத் தண்ணி பட்டபாடு.

ஆனால் போன வருஷம் ஒரு பிரெஞ்சு அம்மா ஊருக்குப் போய் எனக்கு இரண்டு பக்கத்தில் கையெழுத்தில் ஒரு கடிதம் போட்டிருந்தா. அவவின் புருசன் எங்கட ஹோட்டலில் நின்ற காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறா என்று மட்டும் விளங்கியது. மூன்று மாசம் சட்டைப் பைக்குள் வைத்துத் திரிந்தேன், வாசித்துச் சொல்ல ஒருத்தர் கிடைக்கவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை வாசித்தது. மனுசன் செத்துப்போனார் என்ற செய்தி அது. மூன்று மாசம் நான் ஒரு பதிலும் போடாமல் இருந்திருக்கிறேன்.

கதைக்கிறது சீசனில் வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இஞ்ச சனம், பிறகு வாடைக்காற்று தொடங்கினால் கதிரை எல்லாம் கவிழ்த்து வைத்துவிடுவோம். வாசிப்பும் எழுத்தும் சீசனில் வராது. படிக்கக் கிடைத்தால் படி தங்கச்சி.

கன்னியா வீதி:

தங்கச்சி, நான் ஜப்பானியத்தில் சிறப்புப் பட்டம் செய்தவள், திருகோணமலைதான். இப்ப மொழிபெயர்ப்பு வேலையும், சுற்றுலாப் பயணிகள் வரும் மாதங்களில் வழிகாட்டி வேலையும் செய்கிறேன். நீ கேட்டது எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன், நீளமாக வரும், பொறுத்துக்கொள்.

முதலில் உன்ட அண்ணா சொல்வது. அவர் சொல்லும் வழிக்கு அவர் சொல்வது சரி. ஜப்பானுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. 2019இல் இலங்கையும் ஜப்பானும் உடன்படிக்கை கைச்சாத்திட்ட பிறகு, முதியோர் பராமரிப்பு மாதிரி வேலைகளுக்குப் போக அடிப்படை மொழிச் சோதனையோ ஜப்பானிய மொழித் தேர்ச்சிச் சோதனையின் என்4 மட்டமோ, அதோடு அந்த வேலைக்குரிய திறன் சோதனையும் பாஸ் பண்ணினால் போதும், பராமரிப்பு வேலைக்கு மட்டும் அதற்குரிய மொழிச் சோதனை ஒன்றும் கூட உண்டு. அதற்குப் பட்டம் தேவையில்லை. உழைத்து வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பதுதான் உன்ட எண்ணம் என்றால், நாலு வருஷத்தைச் செலவழிக்காதே என்று நானே சொல்வேன். உன்ட கலண்டர் தாளைப் பார்த்தால் எண்ணம் அதுமட்டும் இல்லை என்று தெரிகிறது.

கோர்ஸில் உனக்குக் கேட்கவும் கதைக்கவும் சோதனை எழுதவும் பழக்குவார்கள். அந்தத் தேர்ச்சிச் சோதனையோ அடிமட்டமான என்5 முதல் உச்சமான என்1 வரை விடையைத் தெரிவு செய்வதுதான், ஒரு வரி சொந்தமாக எழுதத் தேவையில்லை, வாய் திறக்கத் தேவையில்லை. பட்டத்தில் கட்டுரை எழுதவேண்டும், பழைய கதைகளை வாசிக்கவேண்டும், வரலாறு, சமயம், மொழிபெயர்ப்பு எல்லாம் வரும். சிறப்புப் பட்டம் 4 வருஷம், பொதுப் பட்டம் 3 வருஷம். முதல் வருஷப் புள்ளியைப் பார்த்துத்தான் சிறப்புக்கு எடுப்பார்கள், அதனால் முதல் வருஷம் தூங்கிவிடாதே. சில மொழி அரிச்சுவடியிலிருந்து தொடங்கும், சிலதுக்கு உயர்தரத்தில் அந்தப் பாடம் எடுத்திருக்கவேண்டும். கைநூலை வாசித்த கையோடு துறைக்கே போன் பண்ணிக் கேள். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலில் ஒன்று ஜப்பானியம் படிக்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது, கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே போய்ப் படிக்கலாம்.

இனி சிங்களம். இதை மறைக்காமல் சொல்கிறேன். நான் படித்த இடத்தில் புதுச் சொல்லை விளக்குவது சிங்களத்தில். வகுப்பே சிரிக்கும், நான் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பேன். முதல் தவணைச் சோதனையில் ஜப்பானியத்திலிருந்து சிங்களத்துக்கு மாற்று என்று ஒரு பெரிய கேள்வி. ஜப்பானிய வசனம் ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது, ஆனால் சிங்களத்தில் எழுத வரவில்லை. 31 புள்ளி. தமிழில் எழுத விடுங்கள், யாரிடமாவது கொடுத்துத் திருத்துங்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. பாஷை படிக்கப் போன பிள்ளையை அவளுடைய பாஷையில் விடை சொல்ல விடாமல் திருப்பியது பிழைதான்.

அன்றிரவு விடுதியில் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து மூன்று கோடு கிழித்தேன். ஜப்பானியம், தமிழ், சிங்களம். நூலகத்தில் சிங்கள அகராதி இருந்தது, தமிழுக்கு இல்லை. ஆகவே நடுவில் உள்ள நிரலை நானே நிரப்பவேண்டி வந்தது. நாலு வருஷத்தில் நாலு கொப்பி. அந்த நடு நிரலை நிரப்பும்போதுதான் ஒரு விசயம் கண்டேன், யாரும் வகுப்பில் சொல்லித்தராதது.

ஜப்பானியத்தில் கொரே, சொரே, அரே, தோரே. எனக்குப் பக்கத்தில் இருப்பது கொரே, உனக்குப் பக்கத்தில் இருப்பது சொரே, இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது அரே, கேள்விக்குத் தோரே. ஆங்கிலத்தில் விளக்கும்போது இந்த நடுவில் உள்ள சொரேயில் எல்லாரும் தடுமாறினார்கள். எங்களுக்கு என்ன தடுமாற்றம்? இது, உது, அது, எது. "உதை இஞ்ச கொண்டு வா" என்று அம்மம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் பேச்சில் போய்விட்ட 'உது' எங்கட வாயில் இன்னும் கிடக்கிறது, அது ஜப்பானியத்துக்குக் கையோடு உதவுகிறது. கொண்டு வருவது என்பதும் அப்படியே, மொத்தே குரு, 'பிடித்துக்கொண்டு வருவது'. சாப்பிட்டுப் பார்ப்பது தபெதே மிரு, சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. 'என்று நினைக்கிறேன்' என்பதில் உள்ள 'என்று' அவர்களிடம் ஒரே எழுத்து, 'தொ'. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று பல வருஷம் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை, நானும் அதை நம்பிக்கொண்டு திரியவில்லை. உறவு இல்லாவிட்டாலும் நடை ஒன்றாக இருக்கிறது. தமிழில் யோசித்து ஜப்பானியத்தில் வசனம் போட்டால் நேராக வரும், ஆங்கிலத்தில் யோசித்துப் போட்டால் தலைகீழாகப் புரட்டவேண்டும்.

சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துக்கு மட்டும் தமிழ் உதவாது. நாளாந்தப் பாவனைக்கென்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2,136 எழுத்து, பலவற்றுக்கு ஒன்றுக்கு மேல் வாசிப்பு. அதற்குக் கை நோக எழுதுவதைத் தவிர வேறு வழி நான் காணவில்லை.

தமிழ் ஏன் முக்கியம் என்று ஒரு நாள் கன்னியாவில்தான் எனக்கு உறைத்தது. பட்டம் முடித்த அடுத்த வருஷம், வயது போன ஜப்பானியர் 12 பேரை வெந்நீர்க் கிணறு பார்க்கக் கூட்டிப் போனேன். ஏழு கிணறும் ஏழு சூடு. வெந்நீரூற்று என்றதும் அவர்களுக்குத் தங்கட நாட்டில் இறங்கிக் குளிக்கும் ஒன்சென் ஞாபகம், ஒரு தாத்தா தோளில் துவாயே போட்டு வந்துவிட்டார். இறங்கிக் குளிக்கலாமா என்று கேட்டார். வாளியால் அள்ளி ஊற்றத்தான் முடியும் என்றேன். அந்த நேரம் ஒரு குடும்பம் தாய்க்கு அந்தியேட்டி முடித்துவிட்டு ஈரத் துணியோடு வந்தது. என்ன நடக்கிறது என்று தாத்தா கேட்டார். நான் வழிகாட்டி வகுப்பில் ஆங்கிலத்தில் பாடமாக்கிய வசனத்தை மனசில் எடுத்து அதை ஜப்பானியத்தில் சொன்னேன்: இங்கே மரணச் சடங்கு செய்வார்கள். ஒசோஷிகி என்ற சொல்லைப் போட்டேன். எல்லாரும் இரண்டு அடி பின்னால் போனார்கள். அவர்களுக்கு அது பிரேதம் வைத்துச் செய்யும் சடங்கு. எங்கே பிரேதம் என்று பார்க்கிறார்கள்.

எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டு எங்கட வீட்டில் அம்மம்மாவுக்குச் செய்ததை யோசித்தேன். 31ஆம் நாள், ஆன்மா வழி போவதற்காகச் செய்வது. ஜப்பானில் 49ஆம் நாள் அதே காரியத்துக்குத்தான் வைக்கிறார்கள், ஷிஜூக்குநிச்சி என்பார்கள். "உங்கட ஷிஜூக்குநிச்சி மாதிரி. நாங்கள் 31ஆம் நாள் செய்வோம். தாய்க்குச் செய்கிறார்கள். இராவணன் தன் தாய்க்குச் செய்தது இந்த இடம் என்று கதை" என்றேன். தாத்தா தோளில் இருந்த துவாயை எடுத்து மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். கைகூப்பினார். அந்தக் குடும்பம் வானில் ஏறும்வரை அசையவில்லை.

அந்தியேட்டியையும் ஷிஜூக்குநிச்சியையும் எந்த அகராதியும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரவில்லை. ஜப்பானிலிருந்து தமிழுக்கு வருவது இன்றைக்கும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குள்ளால் சுற்றித்தான் வருகிறது. நேரே கொண்டுவர ஆள் வேண்டும். அதற்காகத்தான் நீ போகவேண்டும் என்று சொல்கிறேன். சிங்களத்தை இன்றைக்கே தொடங்கு, கம்பஸ் தொடங்க மாசக் கணக்கு இருக்கிறது. சிங்களம் உன்னைச் சோதனையில் காப்பாற்றும், பிறகு வேலையிலும் காப்பாற்றும். ஆனால் நடு நிரலை வெறுமையாக விடாதே.

வேலை பற்றி: ஜப்பானில் அலுவலகம், மொழிபெயர்ப்பு என்று விசா எடுக்கப் பட்டம் பெரிய பலம். இஞ்ச வழிகாட்டி உரிமம் எடுக்கலாம், கொழும்பில் கம்பனிகளில் வேலை உண்டு. திருகோணமலையில் மட்டும் இருந்து இதில் சீவிப்பது கஷ்டம். நானே வருஷத்தில் பாதி கொழும்பில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், இரண்டு பேரும் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த உப்புவெளித் தம்பி கதிரை என்று எழுதினார், அது போர்த்துக்கேயச் சொல். நாங்கள் போகும் கந்தோர் ஒல்லாந்தர் சொல். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் சிலர் வீட்டுக்குள் இன்றைக்கும் தங்கட போர்த்துக்கேயம் கதைக்கிறார்கள், பிள்ளைகளிடம் அது குறைந்துகொண்டு வருகிறது. 1782இல் பிரெஞ்சுக்காரர் இந்தத் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். இந்த ஊரில் ஒரு பிள்ளை வேற்று மொழி படிக்கப் போவது புதினம் இல்லை.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. என் தாயார் அப்போது சின்னப் பிள்ளை, கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியதை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. இப்போது ஜப்பானியர் வந்து சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஓடியவர்களின் பக்கத்துக் கதையை அவர்களுடைய மொழியில் யாராவது சொன்னார்களா என்று எனக்கு ஆசை உண்டு. நீ படித்து வந்தால் என்னிடம் வா, அம்மா சொன்னதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

சாம்பல்தீவுப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. இரவு சாப்பிட்ட பிறகு அக்காவின் பதிலை வீட்டில் சத்தமாக வாசித்தேன். கொரே, சொரே வந்த இடத்தில் அண்ணா "கொரியனிலும் இப்படி மூன்று இருக்கு" என்று தன்ட கொப்பியை எடுத்து வந்து காட்டினார். அதற்குப் பிறகு சண்டை பிடிக்கவில்லை. அக்கா, அந்த நாலு கொப்பியையும் ஒருக்கால் பார்க்கலாமா?

கன்னியா வீதி:

வரும் போயாவுக்கு வீட்டில் நிற்கிறேன். வந்து எடுத்துப் போ, போட்டோக்கொப்பி அடித்துவிட்டுத் திருப்பித் தா. இரண்டாவது கொப்பி மழையில் நனைந்தது, தாளைப் பிரிக்கும்போது கவனம்.

சாம்பல்தீவுப் பிள்ளை:

போயாவுக்கு வருகிறேன் அக்கா. அப்பாதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறார். இப்பதான் கேட்டார், நாலு கொப்பிக்கும் போட்டோக்கொப்பி அடிக்க எவ்வளவு காசு வரும் என்று.