கலைச்சொல்: ஜப்பானியரின் ‘ஏரியா ஆர்மி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> பர்மாப் போர்க் கட்டுரையில் ‘ஏரியா ஆர்மி’க்கு ‘மண்டல இராணுவம்’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

வணக்கம்.

மண்டலம் வேண்டாம் என்பது என் கட்சி. மாநகராட்சி மண்டலம், போக்குவரத்து மண்டலம் என்று புழங்கி அந்தச் சொல்லில் ஆபீஸ் வாடை ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘இராணுவம்’ என்ற பாதியில் இருக்கிறது.

ஜப்பானியர் ‘குன்’ என்றதை ஆங்கிலத்தில் ‘ஆர்மி’ என்று எழுதிவிட்டார்கள். அளவில் அது பிரிட்டிஷாரின் ‘கோர்’தான், அதாவது சில டிவிஷன்கள் சேர்ந்த படை. இம்பால் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944 மார்ச்சில் ரென்யா முத்தகுச்சியின் 15ஆம் குன், 15, 31, 33 என்ற மூன்று டிவிஷன்களோடு கிளம்புகிறது. எதிரில் நின்ற பிரிட்டிஷ் 4ஆம் கோரிலும் தொடக்கத்தில் மூன்றுதான்: 17, 20, 23. அந்தக் கோருக்கும் மேலே இருந்தது பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14ஆம் ஆர்மி. ‘15ஆம் இராணுவமும் 14ஆம் இராணுவமும் மோதின’ என்று எழுதினால், படிப்பவர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார். ஆகவே ஜப்பானியக் ‘குன்’னுக்கு மட்டும் ‘தானை’ என்று தனிச்சொல் வைப்போம்.

இனி ‘ஹோமென்-குன்’. பல குன்களுக்கு மேலே இருக்கக்கூடிய இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஏரியா ஆர்மி’ என்கிறார்கள். ஹோமென் என்றால் திசை, இன்ன பக்கம். என் பரிந்துரை ‘திசைத்தானை’.

பர்மாவில் நடந்ததற்கும் இது பொருந்துகிறது. 1942இல் ரங்கூனைப் பிடித்தது ஷோஜிரோ ஈதாவின் 15ஆம் தானை. ஓராண்டுக்கு அங்கே எல்லாம் அதன் பொறுப்புதான். பிறகு மேற்குக் கரையோர அரக்கானில் பிரிட்டிஷார் இறங்கினார்கள், வடக்கே பிரிட்டிஷ் அதிகாரி விங்கேட்டின் ஊடுருவல் படையான சிந்திட்டுகள் நுழைந்தார்கள். 1943 மார்ச்சில் மசகசு கவாபேயின் கீழ் பர்மாத் திசைத்தானை உருவானது. அப்போது அதனிடம் இருந்த தானை ஒன்றே ஒன்று, அதே 15! அரக்கானில் நின்ற 55ஆம் டிவிஷன் நேரே திசைத்தானையிடம். 28ஆம் தானை 1944 ஜனவரியில் வந்தது, 33ஆம் தானை ஏப்ரலில். ஆக, எத்தனை தானை என்பது கணக்கில்லை. ஒரு பக்கத்துப் போர் முழுவதற்கும் யார் பொறுப்பு என்பதே கணக்கு.

இதற்கும் மேலே இருந்த ஹிசாய்ச்சி தெராவுச்சியின் படையைத் ‘தெற்குப் பெருந்தானை’ எனலாம். ‘தென்புலத் தானை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தென்புலத்தார் என்றால் பிதிரர். தெராவுச்சி திதிக்கு வந்தவர் அல்ல.

---

> திசைத்தானை காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் பசிபிக்கில் நியூ பிரிட்டன் தீவின் ரபவுலில் இருந்த ஹிதோஷி இமமுராவின் திசைத்தானைக்கு எண் 8. ‘எட்டாம் திசைத்தானை’ என்றால் எட்டுத் திக்கிலும் ஒன்று வைத்திருந்தார்கள் என்று ஆகாதா? இன்னொன்று: மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியரின் குவாந்துங் படைக்குப் பெயர் வெறும் ‘குன்’. 1942இல் அது பெருந்தானைத் தகுதிக்கு உயர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. அதன் கீழேயே திசைத்தானைகள் இருந்தனவே?

எட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். முதல் முறை ‘ரபவுலில் இருந்த 8ஆம் எண் திசைத்தானை’ என்று எழுதி, சாலமன் தீவுகளில் 17ஆம் தானையும் நியூகினியில் 18ஆம் தானையும் அதன் கீழ் என்று சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும். குவாந்துங்கைக் ‘குவாந்துங் படை’ என்றே விடுங்கள். பெயரில் ஒன்று, தகுதியில் ஒன்று என்று அவர்களே வைத்திருந்தால் நாம் என்ன செய்வது?

சொற்களை ஒரு பத்தியில் ஓட்டிப் பார்த்தேன்: ‘கொஹிமாவில் சோறும் குண்டும் தீர்ந்த நிலையில், 31ஆம் டிவிஷனின் கொதோகு சாதோ தானைத் தளபதி முத்தகுச்சியின் உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ஜூன் தொடக்கத்தில் திசைத்தானைத் தளபதி கவாபே நேரில் வந்தும், படையெடுப்பை நிறுத்தலாம் என்று முத்தகுச்சி வாய்விட்டுச் சொல்லவில்லை, கவாபேயும் கேட்கவில்லை. ஜூலையில்தான் நிறுத்தினார்கள்.’ யார் யாருக்கு மேல் என்பது புரிகிறதல்லவா? இரண்டு இடத்திலும் ‘இராணுவம்’ போட்டுப் படித்துப் பாருங்கள்.

---

> சரி, திசைத்தானை என்றே மாற்றுகிறேன். ‘கெம்பெய்தாய்’ வரும் இடத்தில் ‘இராணுவக் காவல்’ போடட்டுமா?

அதைத் தொடாதீர்கள். மலேசியத் தமிழர்கள் கெம்பெய்தாய் என்றே சொல்லி வருகிறார்கள். அங்கே நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.