ஸ்டீயரிங் டைட், ஒடித்தால் ஊளைச் சத்தம்: பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 11 வருடப் பழைய கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பம்ப் தரும் ஆயில் பிரஷரில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். மூன்று வாரமாகக் காலையில் வண்டியை எடுத்ததும் ஸ்டீயரிங் டைட்டாக இருக்கிறது. நின்ற இடத்தில் ஒடித்தால் பம்ப் பக்கமிருந்து ஊளைச் சத்தம். பத்து நிமிடம் ஓடியதும் குறைகிறது, ஆனால் முழுதாகப் போவதில்லை. ஸ்டீயரிங் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்ததால் ஊற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. பம்ப் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். அப்பாவும் இதைத்தான் ஓட்டுகிறார், அவருக்குத் தோள் வலி. சீக்கிரம் சரிசெய்ய வேண்டும், வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் முன் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா? காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். சத்தம் கீச்சென்று கேட்டால் பம்ப்பை ஓட்டும் பெல்ட் நழுவுகிறது என்று பொருள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஊளை ஏறினால் பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். என்ன ஆயில் ஊற்றினீர்கள்? பிரேக் ஆயில் தவறிப் போயிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

பதில் 2

நண்பரே, பம்ப்பை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆயிலில் ஏர் (காற்று) கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் ஆயில் டேங்கிலிருந்து பம்ப்புக்கு ஆயில் போகும் ஹோஸில் பிரஷர் கிடையாது, பம்ப் அதை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்த ஹோஸோ கிளிப்போ, பம்ப் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ தளர்ந்தால், எஞ்சின் ஓடும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். வண்டி நிற்கும்போது அதே வழியாக ஆயில் மெல்லக் கசியும். கசிவு தூசியில் ஊறிவிடுவதால் தரைக்கு வராது. குளிரில் ரப்பர் விறைத்து, ஆயிலும் கெட்டியாக இருப்பதால்தான் காலையில் தொல்லை அதிகம்.

இரண்டு விஷயம் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது டேங்க் மூடியைத் திறந்தால் நுரை தெரிகிறதா? எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் மட்டம் 5 மி.மீ.க்கு மேல் உயர்கிறதா? உயர்ந்தால் உள்ளே ஏர் இருக்கிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இரு முனையிலும் உள்ள ‘பூட்’ என்ற ரப்பர் உறையையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போயிருக்கிறது. அது வேறு வேலை.

கேட்டவர்

டயர் காற்று சரி. மூடியில் போட்டிருந்த டெக்ஸ்ரான் ஆயில்தான் ஊற்றினேன். பூட் இரண்டும் காய்ந்திருக்கின்றன. ஆனால் நுரை இருக்கிறது அண்ணா! இளஞ்சிவப்பாக, பால் பொங்கியது போல. டேங்குக்குக் கீழே ஹோஸ் மாட்டும் இடத்தில் தூசி களிம்பாக ஒட்டியிருக்கிறது. ஹோஸைத் தொட்டால் கட்டைபோல இருக்கிறது.

பதில் 2

அதுதான் இடம். அந்த ஹோஸையும் கிளிப்பையும் பம்ப் வாய் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். டேங்க் அடியில் சல்லடை இருக்கும், அடைத்திருந்தாலும் இதே ஊளைதான் வரும். பழைய ஆயிலை முழுதாக எடுத்துவிடுங்கள்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அவசரப்படாதீர்கள். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை எடுத்துவிட்டு, எஞ்சினைப் போடாமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல 20 தடவை ஒடியுங்கள். ஒருவர் டேங்க்கைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். குமிழி நின்ற பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் பம்ப் காற்றை ஆயிலோடு சேர்த்துக் கடைந்துவிடும், நுரை அடங்க மணிக்கணக்காகும். கோடியில் 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அப்போது பிரஷர் உச்சத்தில் இருப்பதால் ஆயில் சூடேறும்.

இன்னொருவர்

என் காரிலும் டைட்டாக இருக்கிறது, ஆனால் ஆயில் டேங்க்கே காணோம்.

பதில் 1

உங்களுடையது எலக்ட்ரிக் ஸ்டீயரிங். பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், வார்னிங் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஹோஸ், ஓ-ரிங் இரண்டும் மாற்றி ஆயிற்று. கழற்றும்போது பழைய ஹோஸ் நுனியில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சல்லடையிலும் கறுப்பாக வண்டல் இருந்தது. நீங்கள் சொன்ன முறையில் ஏர் எடுத்தோம், முதல் பத்துத் தடவைக்குள் குமிழி குமிழியாக வந்தது. இன்றோடு ஒன்பது நாள், காலையில் சத்தமே இல்லை, மட்டமும் இறங்கவில்லை. நேற்று அப்பா தானே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். பழைய பம்ப்தான் இன்னும் ஓடுகிறது. மிக்க நன்றி அண்ணா.