மறுமொழி: லூனார் மாட்யூல் – ‘இறங்குகலம்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அப்பல்லோ பயணங்களைப் பற்றிய பள்ளிக் கண்காட்சியின் விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால்தான் வீரர் இருவரை நிலவில் இறக்கி மீண்டும் தாய்க்கலத்தில் சேர்க்கும் கலமான லூனார் மாட்யூலுக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்த மடல்களைப் படித்தபின் என் கருத்தை எழுதுகிறேன்.

மடல்களில் வந்த ‘நிலவுக்கூறு’ வேண்டாம். அதைப் படிக்கும் மாணவர் நிலவின் ஒரு பகுதியைத்தான் நினைப்பார். ‘நிலவு’ ஒளியையே குறிக்கும், ஆகவே ‘திங்கட்கலம்’ என்றே சொல்ல வேண்டும் என்று குழுவின் ஐயா ஒருவர் எழுதிய வாதம் பழம்பாடல்களுக்குப் பொருந்தலாம். இன்றைய வகுப்பறையில் திங்கள் என்றால் கிழமைதான் முதலில் நினைவுக்கு வரும்.

பெரும்பாலோர் ஏற்கும் ‘நிலவு இறங்குகலம்’ எளிதில் விளங்குகிறது என்பதை மறுக்கவில்லை. 2023இல் இறங்கி அங்கேயே தங்கிவிட்ட சந்திரயான்-3இன் விக்ரமுக்கு அது மிகப் பொருத்தமான பெயர். ஆனால் 1969 சூலையில் ஆம்சுட்ராங்கையும் ஆல்டிரினையும் சுமந்த அப்பல்லோ 11இன் லூனார் மாட்யூலான ஈகிள், இறங்கியதோடு தன் பணியை முடித்துக்கொள்ளவில்லை. கீழ்ப்பகுதியை ஏவுமேடையாக நிலவிலேயே விட்டுவிட்டு, மாற்று எஞ்சின் இல்லாத மேற்பகுதி மட்டும் எழும்பி, சுற்றுப்பாதையில் காத்திருந்த மூன்றாம் வீரர் காலின்சின் கலத்தோடு இணைந்தாக வேண்டியிருந்தது. அப்பல்லோ 10இன் கலமோ தரைக்கு மேல் சுமார் 15 கிலோமீட்டர் வரை சென்று இறங்காமலே திரும்பியது. அப்பல்லோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின் மூவரின் உயிரையும் காத்த அதன் லூனார் மாட்யூலான அக்குவாரியசும் நிலவில் இறங்கவே இல்லை.

இக்கலத்தின் முதற்பெயரில் ‘எக்ஸ்கர்ஷன்’ (சிறு பயணம்) என்ற சொல்லும் இருந்தது. பின்னர் அதை நீக்கினாலும் பலர் மூன்று சொற்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘லெம்’ (LEM) என்றே சொல்லிவந்தனர். நீக்கப்பட்ட அச்சொல்லுக்கு நம்மிடம் ‘உலா’ இருக்கிறது. நிலா நிலவு ஆவதுபோல் உலா உலவு ஆகும். குறிலை அடுத்த ஆகாரம் குறுகி உகரம் ஏற்கும் என்ற நன்னூல் விதியை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வாய்பாட்டில் அமைந்த அவ்விரு சொற்களையும் சேர்த்து ‘நிலாவுலாக் கலம்’ என்கிறேன். சிற்றிலக்கிய உலாவில் தலைவன் வீதியில் பவனி வருவானே தவிர விண்ணில் பறக்க மாட்டான் என்ற மறுப்பு வந்தது. பவனி சென்றவன் மீண்டும் அரண்மனை சேர்வான் என்பதே எனக்கு வேண்டிய பொருள்.

‘பைலட்’ என்பதற்கு, ஊர்தியைச் செலுத்துபவர் எனப் பொருள்படும் ‘வலவர்’ சரியே; “வலவன் ஏவா வான ஊர்தி” என்று புறநானூறு வழிகாட்டுகிறது. ஆனால் லூனார் மாட்யூல் பைலட் என்ற பதவி ஆல்டிரினுக்கு உரியதாக இருந்தும், இறங்கும்போது கலத்தைச் செலுத்தியவர் ஆம்சுட்ராங். ஆல்டிரின் உயரத்தையும் வேகத்தையும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே அவரைத் ‘துணைவலவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

வியாழன் மாலைக்குள் யாரும் மனம் மாறாவிட்டால் ‘இறங்குகலம்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். ஆனால் 10, 13 ஆகிய பயணங்களின் பலகைகளில், இக்கலம் ஏன் இறங்கவில்லை என்று ஒரு வரி சேர்க்க இசைவு தாருங்கள். பிள்ளைகள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.