புதுப்பிப்பு: குறும்படத்தின் கிணற்றடிக் காட்சி இழுவை சரியாகிவிட்டது

என் அனிமேஷன் குறும்படத்தின் ரஃப் கட்டில் (முதல் தோராயத் தொகுப்பில்), பாட்டி கிணற்றில் தண்ணீர் இறைக்கும் காட்சி இழுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் இசை சேர்த்துப் பார்த்தேன். ஒலியை நிறுத்தினால் இழுவை அப்படியே இருந்தது. கைகொடுத்தது, "அசைவு முடியும் முன்பே வெட்டுங்கள்" என்ற யோசனைதான். பாட்டி வாளிக்குக் கை நீட்டத் தொடங்கியதுமே அடுத்த ஷாட். அங்கே கயிறு ஏற்கெனவே விரல்களில் இறுகியிருக்கிறது. போனது 12 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது வெறும் அரை நொடி, ஆனால் காட்சிக்கு உயிர் வந்துவிட்டது!

எதிர்பாராதது ஒன்று: அதற்கு முந்தைய ஷாட்டை, பாட்டி சும்மா நிற்கும் இடத்தை, நீட்ட வேண்டியிருந்தது. ஆனால் அனிமேஷனில், நாம் உருவாக்கிய அளவுக்கு மேல் உபரி ஃபிரேம் தானாகக் கிடைக்காது. அதனால் இப்போது ஒவ்வொரு ஷாட்டின் இரு முனையிலும் 8 ஃபிரேம் கூடுதலாக எடுத்து வைக்கிறேன். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இதற்கு வியூபோர்ட் ரெண்டரே (வேலைத் திரையில் தெரிவதை அப்படியே வேகமாகப் படமாக்குவது) போதும், இறுதித் தரத்திலான முழு ரெண்டர் தேவையில்லை.

அப்புறம், படத்தை வெட்டி முன்னால் நகர்த்தினால் ஒலித் துண்டுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள். இல்லாவிட்டால் காலடிச் சத்தம் பின்தங்கிவிடும்.