மாருதி 800-க்கு வேறு சீட்: பெல்ட் போல்ட்டை இடம் மாற்றலாமா?

கொருக்குப்பேட்டைவாசி:
வணக்கம். எங்கள் பழைய 800-ல் முன் சீட் இரண்டும் ஸ்பிரிங் தளர்ந்து தொய்ந்துவிட்டன. புதுப்பேட்டையில் வேறு மாடல் சீட் ஒரு ஜோடி வாங்கினேன். அகலம் அதிகம். தரையில் இருக்கும் பெல்ட் பக்கிள் சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது, கை நுழையவில்லை. போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, புதிதாகத் துளை போட்டு, பெரிய வாஷர் வைத்து முடுக்கித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். முன் சீட்டில் அம்மாதான் உட்காருவார். தாங்குமா?

வியாசர்பாடி டிங்கர்:
தம்பி, வேண்டவே வேண்டாம். கம்பெனி போட்ட இடத்தில் தகட்டுக்கு அடியில் வலுவூட்டும் தகடும் நட்டும் வெல்டு செய்திருப்பார்கள். காரில் பெல்ட் மாட்டும் இடங்களுக்கான ஐ.நா. விதி 14-இன் சோதனையில் மூன்று முனை பெல்ட்டின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன் விசையில் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,370 கிலோ பாரம்! வெறும் தரைத் தகட்டில் வாஷர் வைத்தால் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. மழைத் தண்ணீர் ஏறிய வண்டி என்றால் கார்ப்பெட்டைத் தூக்கித் துருவைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன, கண்ணை மூடிக்கொண்டு டிரில் வைக்கக் கூடாது.

கொருக்குப்பேட்டைவாசி:
சரி அண்ணே. தடித்த தகடு வைத்து வெல்டு அடித்தால்? இல்லை, பக்கிளைச் சீட் சட்டத்திலேயே மாட்டினால்?

வியாசர்பாடி டிங்கர்:
வெல்டு பிடித்தாலும் கோணம் கெடும். முன் சீட்டில் பக்கிள் பக்கம் பட்டை கிடைமட்டத்திலிருந்து 45 முதல் 80 டிகிரிக்குள் இறங்க வேண்டும் என்கிறது அதே விதி. போல்ட் பின்னால் போகப் போகப் பட்டை படுக்கும். மோதலில் உடம்பு அதன் அடியில் நழுவி, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றை அறுக்கும். சீட்டில் மாட்டினால் அத்தனை இழுவையும் சீட் ரெயிலுக்கும் அதன் போல்ட்டுக்கும் வரும். உங்கள் வண்டித் தரை அதற்காகச் செய்ததில்லை.

ராயபுரம் குஷன் கடை:
பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார். சட்டத்தில் விரிசல், துரு இல்லையென்றால் ஸ்பிரிங்கும் ஃபோமும் மட்டும் மாற்றினால் போதும். பெல்ட் இடத்தைத் தொடவே வேண்டாம். ஃபோம் பழைய உயரத்திலேயே இருக்கட்டும். ஏற்றிவிட்டால் ஆளும் உயர்ந்து பட்டை சரியாக உட்காராது. சட்டம் போய்விட்டதென்றால் அதே மாடல் சீட்டாகத் தேடுங்கள்.

கொருக்குப்பேட்டைவாசி:
சட்டம் நன்றாகவே இருக்கிறது. இந்த வாரமே உங்கள் பக்கம் கொண்டுவருகிறேன். பக்கிள் போல்ட் துருப்பிடித்திருக்கிறது, மாற்றலாமா?

வியாசர்பாடி டிங்கர்:
கட்டாயம் மாற்றுங்கள், ஆனால் ஹார்டுவேர் கடை போல்ட் கூடாது. பெரும்பாலான கார்களில் பெல்ட்டுக்கு 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ள போல்ட். மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு) போல்ட் அதில் சேராது, மரையைக் கெடுத்துவிடும். உங்கள் மாடலுக்கான ஒரிஜினல் போல்ட்டைக் கேட்டு வாங்கி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். அப்புறம் முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் சர்வீஸ் மேனுவல் அளவுக்கு முடுக்குங்கள்.