தாலிக்கொடியில் இருக்கும் பவுண் காசு உண்மையிலேயே புழங்கிய காசா?

கொக்குவில்_தங்கச்சி:
வணக்கம். அம்மம்மாவின் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு இருக்கிறது. ஒரு பக்கம் தாடி வைத்த ராசா, மற்றப் பக்கம் குதிரையில் இருந்து எதையோ குத்துகிற ஆள், கீழே 1910. கொடியை அழித்துப் புதிதாகச் செய்யப் போகிறோம். காசையும் சேர்த்து உருக்கட்டோ என்று பத்தர் கேட்கிறார். இது நகைக்கென்றே அடித்ததா, இல்லாவிட்டால் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கிய காசா?

பழங்காசு:
ஓம் தங்கச்சி, நல்லாகப் புழங்கிய காசுதான். பிரித்தானிய சொவரின். இந்த வடிவில் 1817இல் வந்தது, ஒன்று ஒரு பவுண், அதாவது 20 சிலிங். ராசா ஏழாம் எட்வேர்ட், குதிரையில் இருப்பவர் புனித ஜோர்ஜ், அவர் குத்துவது டிராகனை. அந்தப் பக்கத்தை வரைந்தவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். 22 கரட், நிறை 7.988 கிராம், நாங்கள் ஒரு பவுண் என்றால் 8 கிராம் என்று கணக்குப் பார்ப்பது இதை வைத்துத்தான்.

புழங்கிய காசு என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அதன் தேய்மானம். கை மாறி மாறிப் பொன் தேயும், தேய்ந்தால் பெறுமதியும் குறையும். அதனால் 122.5 கிறெயினுக்கு (ஏறக்குறைய 7.94 கிராம்) கீழே போன சொவரின் சட்டப்படி செல்லாது. புதுக் காசுக்கும் செல்லாக் காசுக்கும் இடையில் வெறும் 0.05 கிராம்! அந்தக் காலத்தில் கடைக்காரர் மேசையில் இதற்கென்றே பித்தளையில் ஒரு சின்னத் தராசு வைத்திருப்பார்கள், காசு அளவான பள்ளத்தில் இருக்க வேண்டும், பாரம் காணாவிட்டால் தட்டு சாயாது. 1914இல் யுத்தம் தொடங்கியதும் அரசாங்கம் தாள் காசை வெளியிட்டது, அதோடு சொவரின் மெல்ல மெல்லச் சந்தையை விட்டுப் போய்விட்டது.

இன்னொன்று பாருங்கள். 1910க்கு மேலே நிலம் மாதிரி ஒரு கோடு வரும், அதன் நடுவில் பொடி எழுத்து ஏதும் இருக்கிறதா? எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பேர்ண், பி என்றால் பேர்த். ஒன்றும் இல்லாவிட்டால் லண்டன்.

மலாயன்_பேரன்:
எங்கள் பக்கத்தில் மலாயாவில் உத்தியோகம் பார்த்த குடும்பங்களிடம் இந்தக் காசு நிறைய இருந்தது. 1906இல் அங்கே 60 டொலருக்கு 7 சொவரின் என்று விகிதம் கட்டி, சொவரினைச் சட்டப்படி செல்லும் காசாகவும் ஆக்கினார்கள். இந்தியாவிலும் அந்தக் காலத்தில் 15 ரூபாய்க்கு ஒன்று என்றுதான் கணக்கு. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் அது கொடிக்கு ஏறியதில் என்ன அதிசயம்? எந்த ஊரிலும் அதே நிறை, அதே மாற்று, உரைத்துப் பார்க்கவே தேவையில்லை.

கொக்குவில்_தங்கச்சி:
பார்த்தேன் அண்ணை, ஒன்றில் பி இருக்கிறது! மற்றதில் வளையம் ஒட்டிய இடத்தில் பற்றவைக்கிற பொடி உருகி வழிந்திருப்பதால் சரியாகத் தெரியவில்லை.

பழங்காசு:
அப்போ அது மேற்கு அவுஸ்திரேலியாச் சுரங்கப் பொன்னாகத்தான் இருக்கும். பேர்த் நாணயசாலை 1899இல் திறந்ததே அந்தப் பொன்னைக் காசாக்கத்தான். அந்தக் காலத்தில் அங்கிருந்து இங்கிலாந்து போன தபால் கப்பல்கள் கொழும்பைத் தொட்டுத்தான் போயின, அப்படி இங்கே வந்திருக்கலாம்.

உருக்க வேண்டாம் தங்கச்சி, தயவு செய்து. உருக்கினால் மிஞ்சுவது 7.32 கிராம் சுத்தப் பொன்னும் கொஞ்சச் செம்பும்தான். வளையம் ஒட்டியதால் சேகரிப்பவர்கள் கூட விலை தரமாட்டார்கள், அது உண்மை. ஆனால் அதே காசைப் புதுக் கொடியிலும் கோர்க்கலாமே. பத்தரிடம் கொடுக்க முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, நிறையும் குறித்து வையுங்கள். வளையத்தோடு நிறுத்தால் 8 கிராமுக்கு மேலே காட்டும், அதனால் குறுக்களவையும் பாருங்கள், 22 மில்லிமீற்றர் வர வேண்டும். மற்றக் காசில் வழிந்த பொடியைச் சுரண்டச் சொல்லாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.