மூதூரில் ரொபின்சன் குரூசோ: மகனை அழைத்துப் போகலாமா?

உப்புவெளி அம்மா

என் மகனுக்குப் பத்து வயது. தனித்தீவில் மாட்டிக்கொண்ட மாலுமியின் கதையான ரொபின்சன் குரூசோவின் சுருக்கத் தமிழ்ப் பிரதி, நான் சின்ன வயதில் அட்டை கிழியக் கிழிய வாசித்து, என் அப்பா பசை போட்டு ஒட்டிக் கொடுத்தது, இப்போது அவனுடைய தலையணைக்கு அடியில் கிடக்கிறது. மூன்று தடவை முடித்துவிட்டான்.

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தவர், "குரூசோ நம்முடைய மூதூரில் பிடிபட்டவன்தானே" என்று போகிற போக்கில் சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கதையில் குரூசோ மணலில் காணும் அந்தக் காலடித் தடம் அங்கே இன்னும் இருக்குமா என்று கேட்கிறான். "ஆமென்று சொல்லிக் கூட்டிப் போ, என்ன குறைந்துவிடும்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

விடுமுறையில் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஒரு பகல் போய்வர எண்ணம். முழங்கால் வலியோடு மாமியாரும் வருவார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கிண்ணியாக்காரன்

தங்கச்சி, வழியைப் பற்றிக் கவலை வேண்டாம். சீனன்குடா, கிண்ணியா என்று நேரே போகலாம். கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் எல்லோரும் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்ற இடம் அது. பஸ், மாடு, மணப்பெண் எல்லாம் ஒரே பாதையில் ஏறிய காலத்தை உங்கள் மாமியார் கட்டாயம் சொல்வார், சொல்ல விடுங்கள். வரும்போது சட்டித் தயிர் வாங்காமல் வராதீர்கள். குரூசோவைப் பற்றி எனக்குத் தெரியாது.

கொட்டியாரத்து வாத்தியார்

மகள், உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். மூதூரில் பிடிபட்டவன் குரூசோ அல்லன், ரொபர்ட் நொக்ஸ். குரூசோ கற்பனை ஆள். அவனுடைய தீவு தென்னமெரிக்காவில் ஒரினோக்கோ ஆற்று முகத்துக்கு அருகே இருப்பதாகக் கதை. நொக்ஸ் இரத்தமும் சதையுமாக நம்முடைய குடாவுக்கு வந்தவன்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், மரத்தைச் சீர்செய்ய மூதூர்க் கரையிலுள்ள கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்பல் தலைவரின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். கூடவே அவருடைய 19 வயது மகன், நான் சொல்லும் நொக்ஸ். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தலைவரையும் மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்தார்கள். தலைவர் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்தபோது பிடிபட்டார். அந்த மரத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்று பெயர். 1893இல் அங்கே ஒரு கல் நட்டார்கள். நீங்கள் பார்க்கப் போவது அந்தக் கல்லைத்தான். மரத்தை எண்ணிப் போகாதீர்கள்.

உங்கள் மகனுக்குச் சொல்லவேண்டிய கதை இது. பிடித்தவர்கள், கப்பலில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல மகனை அனுப்பினார்கள். அவன் கப்பலில் ஏறினான். திரும்பிப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்பாவிடம் வருவதாகச் சொல்லியிருந்தான், வந்தான். கப்பல் போய்விட்டது. மறுவருடம் அப்பா காய்ச்சலில் இறந்தார். புதைக்க உதவி கேட்டபோது, கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போக மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்தார்களாம். அவனும் அவனோடிருந்த ஒரு பையனுமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

பிறகு மலைநாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்று, நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தான். ஒரு கிழவரிடம் பின்னல் தொப்பியைக் கொடுத்து ஆங்கில பைபிள் ஒன்றை வாங்கினான். 1679இல் ஒரு தோழனோடு தப்பி, அருவி ஆற்றைப் பிடித்துக் காட்டு வழியாக நடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் லண்டனில், இலங்கையைப் பற்றியும் தன் சிறைவாழ்வைப் பற்றியும் அவன் எழுதிய நூல் வெளிவந்தது.

டானியல் டிபோ ரொபின்சன் குரூசோவை எழுதியது 1719இல். பசிபிக் தீவொன்றில் நான்கு வருடத்துக்கு மேல் தனித்திருந்த செல்கேர்க் என்ற மாலுமியைத்தான் அதற்கு முதல் மூலமாகச் சொல்வார்கள். ஆனால் டிபோ நொக்ஸை வாசித்தவர். அடுத்த வருடம் வந்த இன்னொரு நாவலில் அவனுடைய கதையைப் பெயரோடு எடுத்துச் சொல்கிறார். மாமாவின் பேச்சில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான்.

குரூசோவின் தீவில் ஆள் இல்லை. நொக்ஸைச் சுற்றி ஊர் நிறைய ஆட்கள். எது பொல்லாதது என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். நான் வகுப்பில் கேட்டபோது பாதிக்குப் பாதி பிரிந்து சண்டை போட்டார்கள்.

இரண்டு பெண்களின் அப்பா

நாங்கள் போனோம். உள்ளதைச் சொல்கிறேன்: கல்லின் முன்னால் என் மகள்கள் நின்றது மூன்று நிமிடம். "இவ்வளவுதானா?" என்றாள் சின்னவள். எனக்கே சற்று வெட்கமாகப் போயிற்று, ஒரு வாரமாக நான்தானே ஊதிப் பெருக்கினேன். பிறகு குடாக் கரைக்குக் கூட்டிப் போய், "கப்பல் நின்றது இந்தத் தண்ணீரில்" என்று காட்டினேன். அதற்குப் பிறகு கரையிலிருந்து கிளப்ப முடியவில்லை. ஆகையால் கல்லை முதலில் முடித்துவிடுங்கள், கடலை மிச்சம் வையுங்கள். வெயில் ஏறுமுன் போனால் மாமியாருக்கும் நல்லது. மடிக்கிற கதிரை ஒன்றை எடுத்துப் போங்கள்.

உப்புவெளி அம்மா

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை நேற்று இரவு மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கயிறு வருகிற இடத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். தோளுக்கு மேலால் அவனே வாசித்துவிட்டான். குரூசோ வரவில்லை என்றதும் முகம் சுருங்கியது உண்மை. கொஞ்ச நேரம் கழித்து, "கப்பலில் ஏறினவன் ஏன் இறங்கினான்?" என்றான். அப்பா கரையில் இருந்தாரே என்றேன். "அப்பாதான் அவனைப் போகச் சொல்லியிருக்க வேண்டும்" என்றான். என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மூதூருக்குப் புறப்படுகிறோம். மாமியார் பாதைக் கதையை இப்போதே தொடங்கிவிட்டார். இன்றைக்குப் பையன் கேட்பது அரிப்புக்கு எப்படிப் போவது என்று. மன்னார்ப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: முழங்கால் வலிக்காரர் ஒருவரோடு அந்தக் கோட்டை வரைக்கும் வாகனத்தில் போய் இறங்கலாமா?